உடுமலை ஆலையில் 200 மில்லி விநாடி

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டி அவ்வளவு மோசமில்லை. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மேல்தான் ரொம்ப இழுக்கிறது" என்றார் ஆலையின் மூத்த எலக்ட்ரீஷியன். முப்பது வருடமாக அந்த ஆலையில் இருப்பவர். தலைக்கு மேல் ஓடும் கேபிள் எந்தத் தூணில் திரும்புகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். நான் தலையாட்டிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கோவையில் ஜவுளி இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளை வடிவமைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நிகழ்நேர இயங்குதளத்தின் மேல் மென்பொருள் எழுதுவதுதான் என் பங்கு. இதே துறைக்கு இப்போதுதான் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, அந்த ஆலையில் வலையமைப்பு ஏன் ஊர்ந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை விரிவாக எழுதி வைக்கிறேன். கல்லூரியில் செமாஃபோர் (நிரல் பகுதிகளை ஒன்றுக்கொன்று காத்திருக்க வைக்கும் உத்தி) பற்றிச் சொல்லித் தருகிறார்கள். பஞ்சுத் தூசிக்கு நடுவில் நின்றுகொண்டு எங்கே தேடுவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நூற்பாலையில் ரிங் பிரேம் என்பது நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள் (ஸ்பிண்டில்) வரிசையாக நிற்கும் நீண்ட இயந்திரம். அந்த ஆலையில் ஒரு பிரேமுக்கு 1,200 கதிர்கள், மொத்தம் 30 பிரேம்கள். எந்தக் கதிரிலும் எந்த நேரத்திலும் நூல் அறுந்துபோகலாம். அறுந்த நூலை ஒரு தொழிலாளி வந்து முடிச்சிடும் வரை, அந்தக் கதிருக்கு வரும் பஞ்சை உறிஞ்சு குழாய் இழுத்துக்கொண்டே இருக்கும். அது அத்தனையும் கழிவு. எனவே எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்று உடனே தெரிவது ஆலைக்குப் பணம், தொழிலாளிக்கு மிச்சமாகும் நடை.

எங்கள் ஏற்பாடு இதுதான். 24 கதிர்களுக்கு ஒரு சென்சார் பட்டை, ஒரு பிரேமுக்கு 50 பட்டைகள். அவை ஆர்எஸ்-485 கம்பி (கேள்வியும் பதிலும் மாறி மாறிப் போகும் ஒரே கம்பி) வழியாகப் பிரேமின் கோடியில் இருக்கும் எங்கள் பெட்டிக்கு வரும். பெட்டிக்குள் 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஎம்32எஃப்407 சில்லு, அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம், வலையமைப்புக்கு எல்டபிள்யுஐபி என்ற நிரல்தொகுப்பு. ஆலை அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் 7 கணினி. அது ஒவ்வொரு பெட்டியாக மோட்பஸ் டிசிபி முறையில் (தொழிற்சாலைக் கருவிகள் வலையமைப்பில் கேள்வி-பதிலாகப் பேசும் முறை) கேட்டு, பெரிய திரையில் அறுந்த கதிர்களைச் சிவப்பாகக் காட்டும்.

வந்த புகார்: சிவப்பு ஒரு நிமிடம் தாமதமாக வருகிறது. திரையைப் பார்த்துத் தொழிலாளியை அனுப்பினால், அவர் போகும்போது அங்கே நூல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே யாரோ முடிச்சிட்டுவிட்டார்கள். இரண்டு முறை வீணாக நடந்த பிறகு யாரும் திரையைப் பார்ப்பதில்லை. இதுதான் எனக்கு மிகவும் வலித்தது. தாமதம் குறைந்துவிடும். ஒரு கருவியின் மேல் போன நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

"நிகழ்நேரம் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?" என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. நிகழ்நேர இயங்குதளம் என்றாலே வேகம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு. நிகழ்நேர இயங்குதளம் தருவது ஒரு வாக்கு: இந்த வேலையை இந்த நேரத்துக்குள் தொடங்கிவிடுவேன் என்பது. அந்த வாக்கும் எல்லா வேலைகளுக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. நாம் யாருக்கு முன்னுரிமை கொடுத்தோமோ அவருக்குத்தான். என் பெட்டியில் அந்த வாக்கு சென்சார் பட்டைகளுக்குப் போயிருந்தது. வலையமைப்பு மிச்சமிருந்த நேரத்தில் பிழைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அது எனக்குத் தெரியவர நாளாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி வழியாக உடுமலை போய்ச் சேர்ந்தேன். முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். பெட்டிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பினேன். பெரும்பாலான பதில்கள் 0.4 மில்லி விநாடியில் வந்தன. இடையிடையே 5, 6 என்று வந்தன. நூறு அனுப்பினால் ஏழெட்டுக்குப் பதிலே இல்லை. பக்கத்தில் பெரிய மோட்டார் டிரைவ்கள் ஓடுகின்றன, மின் இரைச்சல்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். ஒரு பிரேமுக்கு மட்டும் உறையிட்ட கேபிள் வாங்கி வந்து இழுத்தோம். அரை நாள் போயிற்று. எண்ணிக்கை மாறவில்லை.

இளையவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுவிட்ச் (வலையமைப்புக் கம்பிகளை இணைக்கும் பெட்டி) வழியாகப் போகும் கம்பி வலையமைப்பில் ஏழு சதவீத இழப்பு எந்த ஆலையிலும் இயல்பு அல்ல. அது கண்ணெதிரே நிற்கும் தடயம். மின் இரைச்சல் என்றால் சுவிட்ச்சில் அந்த வாயிலுக்கான (போர்ட்) பிழைக் கணக்கு ஏற வேண்டும். பார்த்தேன், பூஜ்யம். பூஜ்யம் என்றால் கம்பியில் பாக்கெட் (ஒரே துண்டாகப் போகும் தரவு) கெடவில்லை, பெட்டி வரை ஒழுங்காக வந்து பெட்டிக்குள் தொலைகிறது என்று பொருள். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த பிறகும் அன்று நான் அப்படி யோசிக்கவில்லை.

இருவழி (டூப்ளெக்ஸ்) அமைப்பையும், அதாவது இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிகிறதா என்பதையும், சரிபார்த்தேன். ஒரு முனையை 100 மெகாபிட் முழு இருவழி என்று கையால் பூட்டிவிட்டு மறுமுனையைத் தானியங்கியாக விட்டால், தானியங்கி முனை அரை இருவழிக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். பிங் நன்றாகப் போகும், பெரிய தரவு நொண்டும். பல இடங்களில் பார்த்த வியாதி அது. இங்கே இரண்டு முனைகளும் தானியங்கி, இரண்டும் முழு இருவழி. அந்தக் கதவை மூடிவிட்டேன்.

பிறகுதான் கேன்டீனில் டீயோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திரை ஒரு முறை முழுதாகப் புதுப்பிக்கப்பட 60 விநாடி ஆகிறது. 30 பிரேம்கள், ஒன்றன் பின் ஒன்றாக. எனவே ஒரு பிரேமுக்கு 2 விநாடி. மோட்பஸில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 125 பதிவேடுகளைத்தான் (எண் வைக்கும் இடங்கள்) படிக்க முடியும். கதிருக்கு ஒரு பதிவேடு என்று 1,200 கதிர்களுக்குப் பத்துக் கேள்விகள். எனவே ஒரு கேள்விக்கு 200 மில்லி விநாடி.

டீக்கடைக் காகிதத்தில் எழுதிய அந்த 200-ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினி ஒரு வேலையைச் செய்துமுடிக்க எடுக்கும் நேரம் 37 ஆக இருக்கும், 143 ஆக இருக்கும். இவ்வளவு உருண்டையான எண்ணாக வராது. உருண்டையான எண்ணை மனிதர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் ஒரு டைமரில் வைப்பதற்காக. யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. யாரோ யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை செய்வதால் வரும் தாமதத்துக்கும் காத்திருப்பதால் வரும் தாமதத்துக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு நிரலைச் செதுக்க வேண்டும். இரண்டாவதற்கு யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கேட்க வேண்டும்.

மறுநாள் சுவிட்ச்சில் ஒரு வாயிலின் போக்குவரத்தை இன்னொரு வாயிலுக்கு நகலெடுக்கச் செய்து, வயர்ஷார்க்கை (போக்குவரத்தைப் பதிந்து காட்டும் மென்பொருள்) ஓடவிட்டேன். ஒரு கேள்வியும் அதன் பதிலும் அங்கே நான்கு வரிகளாகத் தெரிந்தன. கணினி கேள்வி அனுப்புகிறது. மூன்று மில்லி விநாடியில் பெட்டியிலிருந்து ஒன்பது பைட் மட்டும் போகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. 198 மில்லி விநாடி கழித்துக் கணினியிலிருந்து வெறும் ஒப்புகை ('கிடைத்தது' என்ற செய்தி) வருகிறது. அது வந்த ஒரு மில்லி விநாடிக்குள் பெட்டியிலிருந்து மிச்சமுள்ள 250 பைட் பாய்ந்து போகிறது. அடுத்த கேள்வி, மறுபடி அதே கதை. மேலும் கீழும் எத்தனை முறை நகர்த்திப் பார்த்தாலும் அந்த இடைவெளி அச்சடித்தாற்போல் இருந்தது.

அந்த ஒன்பது பைட்டை எழுதியவன் நான். மோட்பஸ் பதிலின் தலைப்பு நினைவகத்தில் ஓர் இடத்தில் இருந்தது, கதிர்களின் தரவு வேறோர் இடத்தில். இரண்டையும் ஒரே பஃபரில் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) நகலெடுத்தால் நினைவகம் வீணாகும் என்று, தலைப்பை ஒரு முறையும் தரவை ஒரு முறையுமாக இரண்டு தடவை அனுப்பும்படி எழுதியிருந்தேன். சிறிய சில்லில் வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு பைட்டும் காசு. அந்தச் சிக்கனம் தவறில்லை. அதன் விலை எங்கே விழும் என்று பார்க்காததுதான் தவறு.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. 1984-இல் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள், ஆர்எஃப்சி 896 என்ற ஆவணத்தில் ஒரு சிக்கலை எழுதினார். ஒருவர் தொலைவில் இருக்கும் கணினியில் தட்டச்சு செய்தால், ஓர் எழுத்துக்கு 1 பைட், அதைச் சுமக்கும் தலைப்புகள் 40 பைட், ஆக 41 பைட் பாக்கெட். நெரிசலான வலையமைப்பு இதிலேயே மூச்சு முட்டிவிடும். அவர் சொன்ன தீர்வு: முன்பு அனுப்பியதற்கு ஒப்புகை வராமல் இருக்கும்போது சின்னப் பாக்கெட்டை அனுப்பாதே, சேர்த்து வை. இன்னொரு பக்கம், வந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் உடனே தனி ஒப்புகை அனுப்புவது வீண், கொஞ்சம் பொறுத்தால் பதில் தரவோடு சேர்த்தே அனுப்பலாம் என்று தாமத ஒப்புகை முறை வந்தது. 1989-இன் ஆர்எஃப்சி 1122 அந்தத் தாமதம் அரை விநாடிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த விண்டோஸ் கணினி 200 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது.

தனித்தனியாக இரண்டும் நல்ல யோசனை. ஒன்றாகச் சேரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெட்டி தலைப்பை அனுப்பிவிட்டு, ஒப்புகை வந்தால்தான் மீதியை அனுப்புவேன் என்று நிற்கிறது. கணினியோ, முழுப் பதில் வந்தால் அடுத்த கேள்வியோடு சேர்த்து ஒப்புகை அனுப்பலாம் என்று நிற்கிறது. வாசலில் இருவர் நின்றுகொண்டு, நீங்கள் முதலில் போங்கள், நீங்கள் முதலில் போங்கள் என்று மரியாதை செய்துகொள்வதைப் போல. 200 மில்லி விநாடியில் கணினியின் பொறுமை தீர்ந்து ஒப்புகை அனுப்பும் வரை இருவரும் நகர்வதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இது ஏன் தெரியவில்லை என்பதையும் தேடிக் கண்டுபிடித்தேன். அங்கே சோதனை செய்தது லினக்ஸ் மடிக்கணினி. என் சோதனை நிரல் ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக இணைப்பைத் திறந்து மூடியது. லினக்ஸ், இணைப்பின் தொடக்கத்தில் சில பாக்கெட்டுகளுக்கு உடனுக்குடன் ஒப்புகை அனுப்பிவிடும். எனவே சிக்கல் தலைகாட்டவே இல்லை, ஒரு கேள்விக்கு 2 மில்லி விநாடி என்று பெருமையாக அறிக்கை எழுதியிருந்தேன். மொத்தத் தரவு வேகத்தை அளந்தபோது நொடிக்கு 50 மெகாபிட்டுக்கு மேல் வந்தது. அந்த எண் எனக்குப் பொய்யான நிம்மதியைக் கொடுத்தது. பெரிய கோப்பை அனுப்பும் வேகமும் சின்னக் கேள்விக்குப் பதில் வரும் நேரமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

திருத்தம் பத்து வரி. தலைப்பையும் தரவையும் ஒரே பஃபரில் வைத்து ஒரே தடவையில் அனுப்பினேன். நேகிள் முறையை இணைப்பளவில் அணைத்துவிடலாம், அதற்கென்றே ஒரு விருப்பம் இருக்கிறது, இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரையும் அதுதான். வேலை நடக்கும். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே பதிலை இரண்டு பாக்கெட்டாக உடைத்தது என் நிரல். அதை ஒட்டுவதுதான் முறை. ஒட்டியதற்கு ஆன செலவு 260 பைட் நினைவகம்.

ஞாயிற்றுக்கிழமை போய் 30 பெட்டிகளிலும் புதிய மென்பொருளை ஏற்றினேன். 60 விநாடி ஒன்றரை விநாடியாகக் குறைந்தது. ஒரு கதிரில் நூலைக் கையால் அறுத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினோம். நாங்கள் போவதற்குள் திரையில் சிவப்பு. மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன், சரியாகிவிட்டது என்று.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எலக்ட்ரீஷியன் அழைத்தார். "தம்பி, மறுபடி இழுக்கிறது. பழைய அளவுக்கு இல்லை. பத்து விநாடி, பதினைந்து விநாடி."

அப்போதுதான் அவர் முதல் நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஞாயிறு, திங்கள், எட்டரை. ஒரே உடம்பில் இரண்டு வியாதிகள் இருந்தன. பெரிய வியாதியின் நிழலில் சின்னது மறைந்திருந்தது. பெரியதைக் குணப்படுத்தியதும் சின்னது வெளியே வந்து நின்றது.

மறுபடி உடுமலை, மறுபடி வயர்ஷார்க். இந்த முறை வேறு எண்கள். கணினி கேள்வி அனுப்புகிறது, பதில் இல்லை. 300 மில்லி விநாடி கழித்து அதே கேள்வியை மறுபடி அனுப்புகிறது. அதுவும் போனால் 600. இரட்டிப்பாகும் காத்திருப்பு என்றால் பாக்கெட் தொலைகிறது, டிசிபி (தரவு தவறாமல் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) மறு அனுப்பல் செய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கேள்வி பெட்டியின் வாசல் வரை போயிருக்கிறது. நகலெடுத்த வாயிலில் அதை என் கண்ணால் பார்க்கிறேன். பெட்டி பார்க்கவில்லை.

அந்தச் சில்லின் ஈதர்நெட் (கம்பி வலையமைப்பு) பகுதிக்குள், வைக்க இடமில்லாமல் கைவிட்ட பாக்கெட்டுகளை எண்ணும் ஒரு பதிவேடு இருக்கிறது. படித்தவுடன் பூஜ்யமாகிவிடும். ஆவணத்தில் ஒரு சிறிய பத்தி, அவ்வளவுதான். நான் அதை அதுவரை ஒருமுறையும் படித்ததில்லை. அதைப் படித்துக் கூட்டிக்கொண்டே போய் ஒரு மோட்பஸ் பதிவேட்டில் காட்டும்படி எழுதி ஒரு பெட்டியில் ஏற்றினேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. சீராக ஏறவில்லை. கொத்துக் கொத்தாக ஏறியது.

என்னதான் வருகிறது என்று வடிகட்டாமல் பார்த்தபோது தெரிந்தது, கண்காணிப்புக் கேமராக்களின் காணொளி. ஆலையில் கேமராவும் எங்கள் பெட்டிகளும் ஒரே வலையமைப்பில் இருந்தன. கேமராக்கள் மல்டிகாஸ்ட் முறையில் (ஒரே தரவைப் பலருக்குச் சேர்த்து) அனுப்பின. யாருக்கு வேண்டும் யாருக்கு வேண்டாம் என்று பார்த்துப் பிரிக்கும் வசதி அந்தச் சுவிட்ச்சுகளில் இயக்கப்படவில்லை. எனவே காணொளி எல்லா வாயில்களிலும் கொட்டியது. மேலாளர் காலை எட்டரைக்கு வந்து முதல் வேலையாகக் கேமராத் திரையைத் திறப்பார். ஞாயிறு அவருக்கு விடுமுறை.

அவர் அறைக்குப் போய், "சார், கேமராத் திரையைக் கொஞ்சம் மூட முடியுமா?" என்று கேட்டேன். மூடினார். என் கையில் இருந்த மடிக்கணினியில் எண் அப்படியே நின்றது. "இப்போது திறங்கள் சார்." 4,112. 4,130. 4,171. எலக்ட்ரீஷியன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கேமராவைக் குற்றம் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். சுவிட்ச்சைச் சரிசெய்யச் சொன்னால் ஆலைக்காரர்கள் செய்திருப்பார்கள். ஆனால் 100 மெகாபிட் கம்பியில் வரும் சில மெகாபிட் காணொளியைத் தாங்க முடியாத பெட்டி நாளை வேறெதிலாவது விழும். எனவே பெட்டி ஏன் வாசலில் வந்ததை எடுக்கவில்லை என்று பார்க்கக் கோவைக்கு வந்தேன். ஆய்வுக்கூடத்தில் அதுவரை இரண்டு பட்டைகளை மட்டும் வைத்துச் சோதித்திருந்தோம். இந்த முறை கிடங்கிலிருந்து 50 பட்டைகளையும் எடுத்து மேசை முழுக்கப் பரப்பினேன்.

ஆர்எஸ்-485 டாஸ்க் (பட்டைகளிடம் கேட்கும் நிரல் பகுதி) காத்திருக்கத் தொடங்கும்போது சில்லின் ஒரு காலில் (பின்) மின்னழுத்தத்தை மேலே தூக்கி, முடிந்ததும் கீழே இறக்கும்படி இரண்டு வரி எழுதி, ஆசிலோஸ்கோப்பின் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) முனையை அங்கே மாட்டினேன். எனக்குத் தெரிந்த கருவிகளிலேயே மிகவும் நேர்மையானது இதுதான். தான் அளப்பதை அது கெடுப்பதில்லை. திரையில் சீப்புப் போல ஓர் அலை. 6 மில்லி விநாடி மேலே, 1 மில்லி விநாடி கீழே, மறுபடி 6 மேலே, 1 கீழே. இப்படி ஐம்பது பற்கள்.

நொடிக்கு 115,200 பிட் வேகத்தில் ஒரு பைட் போக ஏறத்தாழ 87 மைக்ரோ விநாடி. ஒரு பட்டைக்குக் கேள்வி 8 பைட், பதில் 53 பைட், நடுவில் பட்டை திரும்பிக்கொள்ளும் நேரம். சேர்த்தால் 6 மில்லி விநாடி. அந்த 6 மில்லி விநாடியும் என் டாஸ்க் தூங்கவில்லை. அடுத்த பைட் வந்ததா, வந்ததா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுத்திருந்த முன்னுரிமை, வலையமைப்பு டாஸ்க்கின் முன்னுரிமையைவிட மேலே. கேள்வியின் கடைசி பிட் போனவுடன் கம்பியின் திசையை மாற்றாவிட்டால் பட்டையின் பதில் மோதிவிடும் என்ற பயத்தில்தான் அப்படி எழுதியிருந்தேன். பயம் நியாயமானது. அதற்காக 6 மில்லி விநாடி முழுவதும் செயலியைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஈதர்நெட் பகுதிக்கு நான் கொடுத்திருந்தது நான்கு பெறுபஃபர்கள். கேமராவிலிருந்து ஒரு முழுப் படம் வரும்போது பாக்கெட்டுகள் தொடர்ச்சியாக விழும். நான்கு பஃபரும் நிரம்பிவிடும். அவற்றைக் காலி செய்ய வேண்டிய வலையமைப்பு டாஸ்க் பின்னால் வரிசையில் நிற்கிறது. ஐந்தாவதாக வருவது கேள்வியாகவே இருந்தாலும் கீழே விழும். இடையே கிடைக்கும் அந்த ஒரு மில்லி விநாடியில் டாஸ்க் வந்து, யாருக்கும் வேண்டாத காணொளித் துண்டுகளை எடுத்துப் பிரித்துப் பார்த்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் பிங்கில் இடையிடையே வந்த 5, 6 எல்லாம் இந்தச் சீப்பின் பற்கள்தான்.

உயர்ந்த முன்னுரிமை தவறில்லை. உயர்ந்த முன்னுரிமையில் உட்கார்ந்துகொண்டு வெறுமனே காத்திருப்பதுதான் தவறு. மேலே இருப்பவர் வந்த வேலையை நொடியில் முடித்துவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். இப்போது திசை மாற்றத்தை இன்டரப்ட் (வன்பொருள் அழைத்தவுடன் ஓடும் சிறு நிரல்) செய்கிறது, சில மைக்ரோ விநாடிதான். பதில் பைட்டுகளை டிஎம்ஏ (செயலியின் உதவியின்றித் தரவை நினைவகத்துக்கு நகர்த்தும் வன்பொருள்) தானாகச் சேகரிக்கிறது. கம்பி அமைதியானதும் ஓர் இன்டரப்ட் டாஸ்க்கை எழுப்புகிறது. 6 மில்லி விநாடிப் பல் ஆசிலோஸ்கோப்பில் ஒரு மெல்லிய கோடாகிவிட்டது.

மல்டிகாஸ்ட் எல்லாவற்றையும் உள்ளே விடும்படி நான்தான் வைத்திருந்தேன், பெட்டிகளைத் தானாகக் கண்டறியும் வசதிக்காக. தேவையான முகவரியை மட்டும் அனுமதிக்கும்படி மாற்றியதும், காணொளி செயலிக்கு வராமலே வன்பொருளில் தடுக்கப்பட்டது. பஃபர்களை நான்கிலிருந்து பன்னிரண்டாக்கினேன். ஒன்றுக்கு 1,524 பைட், கூடுதலாக ஏறத்தாழ 12 கிலோபைட். அதற்கு இடம் தேடும்போது ஒரு எச்சரிக்கை: இந்தச் சில்லின் 192 கிலோபைட் நினைவகத்தில் 64 கிலோபைட்டை டிஎம்ஏ தொடவே முடியாது. பஃபரை அங்கே வைத்தால் எந்தப் பிழையும் காட்டாது, பாக்கெட்டும் வராது. டாஸ்க்குகளின் ஸ்டாக்கை (அவற்றின் தற்காலிக வேலை நினைவகம்) அங்கே தள்ளிவிட்டு, காலியான இடத்தைப் பஃபர்களுக்குக் கொடுத்தேன்.

முன்னுரிமை எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் எண் பெரிதானால் முன்னுரிமை அதிகம். அதே சில்லின் இன்டரப்ட்டுகளுக்கு எண் சிறிதானால்தான் முன்னுரிமை அதிகம். விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இன்னொரு நிகழ்நேர இயங்குதளத்தில் டாஸ்க்குகளுக்கே பூஜ்யம்தான் உச்சம். அதன் பழைய பதிப்புகளில் வலையமைப்பு டாஸ்க் 50-இல் இருக்கும், புதியவர் தன் டாஸ்க்கை 40-இல் வைத்துச் சுழலவிட்டால் வலையமைப்பு செத்துவிடும். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நிரலைக் கொண்டுபோகும்போது எண்களை அப்படியே நகலெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலை முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர். விஎக்ஸ்வொர்க்ஸில் ஓடிய அந்தக் கலம் திடீர் திடீரென்று தன்னைத்தானே மீட்டமைத்துக்கொண்டது. வானிலைத் தரவைச் சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒரு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்திருந்தது. அது உயர்ந்த முன்னுரிமை டாஸ்க்குக்கு வேண்டியிருந்தது. நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் இடையில் புகுந்து, தாழ்ந்தது வேலையை முடிக்கவிடாமல் செய்தன. பூமியில் இருந்த நகல் கலத்தில் அதே கோளாறை வரவழைத்துப் பதிவுகளைப் படித்து, முன்னுரிமையைக் கைமாற்றும் அமைப்பு அந்த மியூடெக்ஸுக்கு அணைந்திருந்ததைக் கண்டுபிடித்து, செவ்வாய்க்கே திருத்தம் அனுப்பினார்கள். அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம், சோதனைக்கான பதிவு வசதிகளைப் பறக்கும் மென்பொருளிலிருந்து அகற்றாமல் விட்டிருந்ததுதான். நான் விற்பனைக்குப் போகும் மென்பொருளிலிருந்து எண்ணிகளையெல்லாம் துடைத்துச் சுத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் செய்வதில்லை.

இப்போது 30 பெட்டிகளும் 0.7 விநாடியில் ஒரு சுற்று முடிக்கின்றன, மேலாளரின் கேமராத் திரை திறந்திருக்கும்போதும். தவறிய பாக்கெட் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் ஒவ்வொரு பிரேமுக்கும் சின்ன எழுத்தில் காட்டுகிறோம். அதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நேற்று மாலை எலக்ட்ரீஷியன் அழைத்தார். எல்லாம் பூஜ்யம், 27-ஆம் பிரேமில் மட்டும் 3 காட்டுகிறது, இரவு ஷிப்ட்டில் ஏறியது என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டு, இந்த முறை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு மணி பத்து நிமிடம். சனிக்கிழமை போகிறேன்.